ஷேப்-ஒன் நைனாவுக்கு

நைனா,

போன்ல சொன்னா "ஆங், சரி சரி, சாப்டியா"ன்னு கேட்டுட்டு அம்மாகிட்ட குடுத்துடுவ. நான் அனுப்புற மெசேஜைத் தொறக்கறதே இல்ல. ஆனா உங்க எக்ஸ் சர்வீஸ்மேன் குரூப்புல எது வந்தாலும் கண்ணாடி போட்டுக்கிட்டு கடைசி வரி வரைக்கும் படிப்ப. அதான் இங்க எழுதறேன். யாராவது ஒரு அங்கிள் உனக்கு ஃபார்வர்டு பண்ணுவார். அங்கிள், வணக்கம். நீங்களும் படிங்க. சில இடத்துல தாண்டிப் போயிடுவேன், கோச்சுக்காதீங்க.

இன்னிக்கு ஜூலை 26, கார்கில் வெற்றி நாள். குடியாத்தத்துல மாலை போட்டு, கொடி ஏத்தி, மீசையை முறுக்கிக்கிட்டு போட்டோ எடுத்திருப்பீங்க. எனக்கு இங்க அமெரிக்காவுல நேத்தோட பத்து வார ஆராய்ச்சிப் பயிற்சி முடிஞ்சது. அம்மா ஊரெல்லாம் "பாப்பா மிலிட்டரி ஆஸ்பத்திரியில வேலை செய்யுது"ன்னு சொல்லி வெச்சிருக்கா. அதெல்லாம் இல்ல. சோல்ஜருங்க ஹெல்மெட்லயும் தோள்லயும் நெஞ்சுலயும் மாட்டியிருந்த சென்சார்லேர்ந்து வந்த கோட்டைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருந்தேன், அவ்ளோதான். ஒரு வெடிக்கு ஒரு கோடு. செவுரு மாதிரி நட்டுக்க ஏறும். உடனே சரிஞ்சு, சாதாரணக் காத்தழுத்தத்துக்கும் கீழ போயி, மெள்ள மேல வந்து சேரும். காத்து மொதல்ல தள்ளுது, அப்புறம் இழுக்குது. எல்லாம் சில மில்லிசெகண்டுல. அழுத்தத்தை பிஎஸ்ஐன்னு ஒரு அளவுல சொல்வாங்க. நாலு பிஎஸ்ஐக்கு மேல போனா ஆபத்துன்னு ஒரு கணக்கு வெச்சிருக்காங்க. காது ஜவ்வு கிழிய அஞ்சு கிட்ட வேணும். இப்போ இவங்க கவலை அதுக்குக் கீழ இருக்கறதுதான். ரெண்டு, ஒண்ணரைன்னு ஆயிரம் தடவை வாங்கினவன் தலைக்குள்ள என்ன ஆகுது?

ரெண்டாவது வாரம் ஒரு கேள்வித்தாள் குடுத்து, பழகறதுக்கு யாரையாவது மனசுல வெச்சு நிரப்பிப் பாருன்னாங்க. நான் உன்னை நிரப்பினேன். போஃபர்ஸ் பீரங்கி, 155 மில்லிமீட்டர். திராஸ், கார்கில் சண்டை, 1999. காதுல என்ன வெச்சிருந்தீங்க? பஞ்சு. ஒரு நாளைக்கு எத்தனை ரவுண்டு? அங்க கை நின்னுடுச்சு. பதினஞ்சு செகண்டுக்குள்ள மூணு குண்டு போகும்னு மார் தட்டுவியே, அதை எத்தனை நாளால பெருக்கறது?

யானை வந்த ராத்திரி ஞாபகம் இருக்கா?

நான் எட்டாவது. கவுண்டின்யா காட்டுலேர்ந்து எறங்கின கூட்டம் நம்ம மாந்தோப்புல. டார்ச்சோட நீ முன்னாடி, வராதேன்னு சொல்லியும் கேக்காம நான் பின்னாடி. ஃபாரஸ்ட்காரங்க வெடி போட்டாங்க. எல்லாரும் குனிஞ்சாங்க, நீ குனியல. கந்தக வாசனை மூக்குல இருக்கும்போதே பார்த்தேன், பம்புசெட் கொட்டாய்க்குப் பின்னாடி ஒத்தையா ஒண்ணு. காது ரெண்டும் விரிஞ்சு, அசையாம. நான் கத்தினேன். "நைனா, பக்கத்துல! பக்கத்துல!" நாலு அடிதான் தள்ளி நிக்கற, திரும்பல. வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து பக்கத்துக் கொல்லை மாமா கனத்த தொண்டையில "ஏய்"னு ஒரே ஒரு சத்தம் போட்டார். சட்டுன்னு திரும்பின.

யானை போனப்பறம் "வாயில என்ன வெச்சிருந்த"ன்னு கேட்ட. கத்தினேன்னு சொன்னேன். "பொய் சொல்ற"ன்னு அத்தனை பேர் முன்னாடி அறைஞ்ச.

நான் கத்தினேன் நைனா.

பீரங்கிச் சத்தம் மொதல்ல தின்னுறது 4000 ஹெர்ட்ஸ் பக்கத்தை. உள்காதுல மயிரு மாதிரி இருக்கற செல்லுங்க ஒரு தடவை செத்தா மறுபடி மொளைக்காது. ஆம்பளைத் தொண்டை கேக்கும், கொழந்தையோட கீச்சுக்குரல் கேக்காது. பேசறது கேக்கும், என்ன பேசறாங்கன்னு வெளங்காது. போன டிசம்பர்ல காலேஜ் புராஜெக்ட்டுன்னு சொல்லி ஹெட்போன் மாட்டிவிட்டு, சத்தம் வந்தா வெரலைத் தூக்குன்னேனே, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி தூக்கின. 4000க்கு வந்ததும் வெரல் தொடை மேலயே கெடந்துது. உன் மூஞ்சியில ஒரு சிரிப்பு, "ஏன் நிறுத்திட்ட"ன்னு. நான் நிறுத்தல.

இது உனக்குத் தெரியாம இருந்திருக்காது. காதுல சில்வண்டு கத்துதுன்னு ராத்திரியில ரேடியோ வெச்சிக்கிட்டு படுக்கறவன் நீ. ஷேப்-ஒன் ஷேப்-ஒன்னுன்னு பீத்திக்குவியே, பட்டாளத்துல உடம்பு முழு ஃபிட்டுன்னு குடுக்கற அந்த SHAPEல ரெண்டாவது எழுத்து H காதுக்குத்தான். பட்டாளத்தை விட்டு வரும்போது பண்ற ரிலீஸ் மெடிக்கல்ல ஒரு தொந்தரவும் இல்லன்னு நீயே சொல்லிக் கையெழுத்து போட்ட. காது போனதுக்கு வர்ற பென்ஷன் கெடக்கட்டும். வீட்டுல சொல்லியிருக்கலாம்ல? உரக்கப் பேசியிருப்போமே. அதை விட்டுட்டு, பொம்பளைங்க மரியாதையில்லாம முணுமுணுக்கறாங்கன்னு முடிவு கட்டிட்ட.

அந்தத் தீபாவளியை இங்க எழுதல. மூணு பேருக்குத் தெரியும், போதும்.

2016ல டேனியல் பெர்ல்ங்கற மூளை ஆராய்ச்சி டாக்டரும் கூட இருந்தவங்களும் வெடியில மாட்டின சோல்ஜருங்க மூளையை, அவங்க செத்தப்பறம் அறுத்துப் பார்த்து, ஒரு தனி மாதிரி தழும்பு இருக்கறதை எழுதினாங்க. உசுரோட இருக்கும்போது எடுக்கற சாதாரண ஸ்கேன்ல அது தெரியாது. அதைப் படிச்ச ராத்திரி உன்னை மொத்தமா மன்னிச்சிடலாம்னு இருந்துச்சு. காலையில இல்ல. எல்லா கன்னர் வீட்டுலயுமா தட்டு பறக்குது?

இப்போ என் தப்பு. நேத்து எல்லாரும் பத்து நிமிஷம் பேசணும். நான் உன் காதுப் படத்தைப் போட்டேன். பேர் இல்ல, ஊர் இல்ல. ஆனா உன்னைக் கேக்கல. மனுஷங்களை வெச்சு ஆராய்ச்சின்னா இங்க சொல்லித் தர மொதல் பாடமே சம்மதம் வாங்கறதுதான். முதல் வரிசையில இருந்த ஒருத்தர், "இவர் உங்களுக்கு என்ன வேணும்"னு கேட்டார்.

"ஊர்க்காரர்"னு சொன்னேன்.

ஏன் சொன்னேன்னு ரூமுக்கு வந்து யோசிச்சேன். அப்பான்னா பரிதாபப்படுவாங்கன்னு நெனச்சேனா, இல்ல, இத்தனை வருஷம் கண்டுபிடிக்காத பொண்ணான்னு கேப்பாங்கன்னு பயந்தேனா. ரெண்டும்தான். மன்னிச்சுக்கோ.

எக்ஸ் சர்வீஸ்மேன் வைத்தியத்துக்கான இசிஹெச்எஸ் கார்டு பீரோவுல, அம்மா பொடவைக்கு அடியில இருக்கு. எடுத்துக்கிட்டு வேலூர் போ. ஹியரிங் எய்டு மாட்டினா கெழவன்னு யாரும் சொல்ல மாட்டாங்க. சொன்னா சொல்லட்டும்.

பதிலை அம்மாகிட்ட சொல்லி அனுப்பாத. நீயே டைப் பண்ணு. "ஆமா, கத்தின"ன்னு ரெண்டு வார்த்தை போதும்.