ஆய்வாளரும் ஆசிரியரும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரப் பள்ளிகளுக்குக் கல்வி ஆராய்ச்சி செய்யும் ஆய்வாளர்கள் வருவது நல்லதே. ஆனால் ஆய்வுக்கான வினாத்தாளை முடிவு செய்த பிறகே பலர் ஆசிரியரைச் சந்திக்கிறார்கள். முதன்மைக் கல்வி அலுவலரின் அனுமதிக் கடிதத்தோடு வருபவரிடம் யார்தான் ‘முடியாது’ என்பார்? அந்தக் கடிதத்தில் உள்ள கையெழுத்தை ஆசிரியரின் சம்மதமாகக் கொள்வது சரியல்ல. ஒப்புதல் படிவத்தை ஆசிரியரிடமே தனியாகக் கொடுத்து, ஒரு வாரம் அவகாசம் தர வேண்டும். மறுத்தவர் பெயர் அலுவலகத்துக்குப் போகக் கூடாது.

ஈராசிரியர் பள்ளியில் ஒருவரை 40 நிமிடம் பேட்டிக்கு உட்கார வைத்தால், ஐந்து வகுப்பும் மற்றவர் தலையில். புதிய கற்பித்தல் முறை ஒன்றைச் சோதிக்க, அதைத் தொடங்கும் முன் வைக்கும் முன்தேர்வைக் காலாண்டுத் தேர்வுக்குச் சற்று முன்னும், முடித்தபின் வைக்கும் பின்தேர்வைக் காலாண்டுத் தேர்வு முடிந்ததும் வைத்தால், மதிப்பெண் கூடியது அந்த முறையாலா, தேர்வுக்குப் படித்ததாலா என்று பிரிக்கவே முடியாது. திட்டமிடும்போதே கேட்டிருந்தால் எந்த ஆசிரியரும் இதைச் சொல்லியிருப்பார்.

ஆய்வுக் கேள்வியைத் திருத்தும் உரிமை யாருக்கு, மாணவர் தரவு யாரிடம் இருக்கும், பாடம் தயாரித்த ஆசிரியரின் பெயர் கட்டுரையில் வருமா என்பதையெல்லாம் ஒப்பந்தத்திலேயே எழுதிவிட வேண்டும். வெளியிடும் முன் முடிவுகளைத் தமிழில் இரண்டு பக்கமாகப் பள்ளிக்குத் தரட்டும். ஆசிரியரின் நேரத்துக்கான படியைத் திட்ட நிதியில் ஒதுக்கலாம். (பொன்னாடை அதில் சேராது.)

– ஒரு வாசகர், காரைக்குடி