ஏழு நாளில் ஆறு ஓடைகளா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் வந்த இமாச்சல் டிரவுட் மீன்பிடிப் பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் அதில் கொடுத்திருக்கும் திட்டத்தை நம்பி யாராவது கிளம்பினால் தூண்டிலைப் பிடித்த நேரத்தைவிடக் காரில் உட்கார்ந்த நேரம்தான் அதிகமாக இருக்கும். பரோட், தீர்த்தன், சைஞ்ச், பட்லிகுல், சாங்லா, ரோஹ்ரு என்று ஆறு இடம், ஏழு நாள். வரைபடத்தில் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும். தீர்த்தனிலிருந்து 3,120 மீட்டர் உயர ஜலோரி கணவாயை முதல் கியரிலேயே ஏறி இறங்கி, ராம்பூர் வழியாகக் கர்ச்சம் போய், அங்கிருந்து சாங்லாவுக்கு மேலேறினால் ஒரு முழுப் பகல் போய்விடும். போய்ச் சேர்ந்த அன்று யாருக்கும் தண்ணீரில் இறங்கத் தெம்பு இருக்காது.

முதலில் அவசரமான விஷயம். டிசம்பர் விடுமுறைக்கு ஏற்ற பயணம் என்று தலைப்பிலேயே போட்டிருக்கிறீர்கள். இமாச்சலில் நவம்பர் 1 முதல் பிப்ரவரி கடைசி வரை டிரவுட் பிடிக்கத் தடை. பழுப்பு டிரவுட் கூழாங்கல் படுகையில் குழி பறித்து முட்டையிடுகிற காலம் அது. அந்த மாதங்களில் உரிமமே தர மாட்டார்கள், டிசம்பரில் ஜலோரியும் பனியில் மூடிவிடலாம். இன்னொன்று, டிரவுட் இமயமலையின் பூர்வீக மீன் என்று எழுதியிருப்பதும் சரியில்லை. வெள்ளைக்காரர்கள் 1900 வாக்கில் காஷ்மீரில் கொண்டுவந்து வளர்த்த மீன் இது. அங்கிருந்து முட்டை கொண்டுபோய் 1909-இல் குல்லுவில் குஞ்சு பொரிக்க வைத்தவர் ஹோவெல் என்ற அதிகாரி.

சரி, ஒரு வாரம்தான் விடுப்பு, பல ஓடைகளில் தூண்டில் போடவும் ஆசை, என்ன செய்யலாம்? பள்ளத்தாக்குகளைக் குறைத்துக்கொண்டு, இரண்டு ஓடைகள் கூடுகிற இடமாகப் பார்த்துத் தங்க வேண்டும். என் யோசனை பரோட், குஷைனி இரண்டு மட்டும்தான். பரோட்டில் ஊல் ஆறும் லம்பாடக் ஓடையும் சேர்கின்றன. தீர்த்தன் பள்ளத்தாக்கில் இருக்கும் குஷைனியில் தீர்த்தனோடு ஃப்ளாச்சன் ஓடை வந்து கலக்கிறது. ஆக, இரண்டு ஊரில் பெட்டியை இறக்கினால் நான்கு ஓடைகள் கிடைத்துவிட்டன. மலையில் மேலே எங்கோ ஒரு மழை பெய்தால் ஒரு ஓடை கலங்கி ஓடும், அடுத்தது வேறு மலையிலிருந்து வருவதால் தெளிவாகவே இருக்கலாம், நடந்துபோய்ப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம். கட்டுரையாளர் சொல்வதுபோல் தினம் ஒரு ஊரில் அறை போட்டிருந்தால், கலங்கல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு டீ குடிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

நாள்கணக்கு இப்படி வரும். முதல் நாள் சண்டிகர் வரை விமானம், அங்கிருந்து மண்டி நகருக்குக் கார். இரண்டாம் நாள் காலை மண்டியிலிருந்து சுமார் மூன்று மணி நேரத்தில் பரோட், மீன்துறை அலுவலகத்தில் உரிமம், மாலையில் கொஞ்சம் தூண்டில். மூன்றாம் நாள் முழுக்க அங்கேயே. நான்காம் நாள் பகலில் பெரும்பகுதி சாலையில் போகும்: திரும்ப மண்டி, ஔட் சுரங்கத்துக்கு முன்பே பிரிகிற சாலையில் லார்ஜி, பஞ்சார், குஷைனி. ஐந்தாம், ஆறாம் நாள்கள் தீர்த்தனுக்கு. ஏழாம் நாள் விடியற்காலையில் கிளம்பினால் சண்டிகரில் இரவு விமானத்தைப் பிடிக்கலாம், ஆனால் நான் என்றால் மறுநாள் காலை விமானத்துக்குத்தான் டிக்கெட் போடுவேன், மலைச் சாலையில் ஒரு இடத்தில் மண் சரிந்தால் அரை நாள் போச்சு. உரிமம் நாள் கணக்கில்தான் தருகிறார்கள், எத்தனை மீன், எந்த அளவு என்பதும் அதிலேயே இருக்கும், அலுவலகத்துக்கு விடுமுறை நாளில் போய் நிற்காதபடி தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்ப் பள்ளி விடுமுறைக்கு ஏப்ரல் கடைசியும் மே முதல் பாதியும் நன்றாகப் பொருந்தும். டிரவுட் குளிர்ந்த தண்ணீர் மீன். 10 முதல் 16 டிகிரி வரை நன்றாக இரை எடுக்கும், 20-ஐத் தாண்டினால் சுணங்கிவிடும். அதனால் ஏப்ரலில் விடியற்காலையில் எழுந்து நடுங்கிக்கொண்டு நிற்பதில் பலன் குறைவு, வெயில் ஏறித் தண்ணீர் கொஞ்சம் சூடு பிடித்த பிறகுதான் மீன் அசையும். மே கடைசியில் கதை தலைகீழ். பகல் வெயிலில் மேலே பனி உருகி, மதியத்துக்கு மேல் தண்ணீர் ஏறி சாம்பல் நிறத்தில் வரும், அப்போது காலை வேளைதான். ஜூலை, ஆகஸ்டு பக்கமே போக வேண்டாம். கட்டுரையில் சொன்ன சைஞ்ச் ஊரின் கடைத்தெரு 2023 ஜூலை வெள்ளத்தில் என்ன ஆனது என்று உங்கள் பத்திரிகையிலேயே செய்தி வந்திருக்கும். மழை ஓய்ந்த பிறகு செப்டம்பர் கடைசி, அக்டோபர் மீண்டும் நல்ல காலம்.

காவிரியிலும் ஏரியிலும் மண்புழு கோர்த்து மிதவையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்து பழகியவர்களுக்கு இது வேறு வேலை. டிரவுட் ஓட்டத்தை எதிர்த்துத் தலையை வைத்து, பாறைக்குப் பின்னால் தண்ணீர் தணிந்திருக்கும் இடத்தில் நின்று, மேலிருந்து மிதந்து வருகிற பூச்சிக்குக் காத்திருக்கும். மேலிருந்து கீழே இறங்கி வந்தால் நாம் அதன் கண்ணில் படுவோம், காலில் இடறும் கல்லின் சத்தமும் போய்ச் சேரும். கீழேயிருந்து மேல்நோக்கி நடந்து, பாறைக்குச் சற்று மேலே இரையை விழவிட்டுத் தண்ணீரோடு வரவிட வேண்டும். பூச்சி மாதிரி கட்டிய செயற்கை இரையோ தண்ணீரில் சுழலும் சின்ன உலோகத் தகடு இரையான ஸ்பின்னரோ போதும். மண்புழுவை வயிறு வரை விழுங்கிவிடும், அப்புறம் திரும்ப விட்டாலும் பிழைப்பது கஷ்டம். கொக்கியின் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம். கையை நனைத்துக்கொண்டு மீனைத் தொடுங்கள், காய்ந்த கை அதன் மேல்வழுவழுப்பை உரித்துவிடும். நான்காகக் கழற்றுகிற தூண்டில் கம்பு பெட்டிக்குள் அடங்கும். கொக்கிகளைச் செக்-இன் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

ஒரு எச்சரிக்கையைக் கட்டுரையாளர் சொல்லாமல் விட்டதுதான் எனக்குக் கோபம். 2014 ஜூன் 8 அன்று லார்ஜி அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீர் பியாஸ் ஆற்றில் படம் எடுத்துக்கொண்டிருந்த ஹைதராபாத் பொறியியல் மாணவர்கள் 24 பேரை அடித்துக்கொண்டு போனது. லார்ஜி நீங்கள் போகிற வழியில்தான் இருக்கிறது. அணைக்குக் கீழே எந்த ஆற்றிலும் மீனுக்காக இறங்காதீர்கள், தண்ணீர் எவ்வளவு அமைதியாகத் தெரிந்தாலும் சரி. தீர்த்தனை நான் பரிந்துரைக்க இதுவும் ஒரு காரணம். அந்தப் பள்ளத்தாக்கில் வரவிருந்த நீர்மின் திட்டங்களைப் பஞ்சார் முன்னாள் எம்.எல்.ஏ. திலாராம் ஷபாபும் ஊர்க்காரர்களும் நீதிமன்றம் வரை போய் எதிர்த்தார்கள், ஆறு தடையில்லாமல் ஓடுகிறது. ஆனால் குஷைனிக்கு மேலே பெரிய இமாலய தேசியப் பூங்காவுக்குள் தூண்டில் கூடாது, கிராமங்களை ஒட்டிய கீழ்ப்பகுதியில்தான்.

பட்லிகுல்லை நான் விட்டதற்குக் காரணம் கேட்பார்கள். அங்கே இருப்பது அரசு டிரவுட் பண்ணை, நார்வே உதவியோடு வளர்ந்தது. குழந்தைகளுக்குக் காட்டலாம், மீன் வாங்கிச் சமைக்கச் சொல்லலாம். அதை மீன்பிடி ஓடைகளின் கணக்கில் எப்படிச் சேர்த்தார்கள் என்றுதான் புரியவில்லை.

இவ்வளவு தூரம் எதற்கு, ஊட்டியிலேயே டிரவுட் இருக்கிறதே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். இருக்கிறது. அவலாஞ்சியில் 1907-இலேயே குஞ்சு பொரிப்பகம் வந்துவிட்டது, குல்லுவுக்கும் முன்னால். ஆனால் அங்குள்ள நல்ல ஓடைகள் பலவும் முக்குர்த்தி தேசியப் பூங்காவுக்குள்ளும் காப்புக் காட்டுக்குள்ளும் ஓடுகின்றன, கம்பைத் தூக்கிக்கொண்டு நினைத்த இடத்தில் இறங்க முடியாது. அந்தப் பொரிப்பகத்தின் கதையையும், இன்று அங்கே என்ன நடக்கிறது என்பதையும் மீன்வளத் துறையிடமும் வனத் துறையிடமும் கேட்டு ஒரு நல்ல கட்டுரையாகப் போடுங்கள். இமாச்சலுக்குப் போக முடியாத வாசகர்களுக்கு அது உதவும்.

இப்படிக்கு,
கோவையிலிருந்து ஒரு வாசகர்