கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு விதியை மாற்றாதீர்கள்: 48 மணி நேரத் திரைக்கதைப் போட்டிக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஒருங்கிணைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். ஞாயிறு அதிகாலை 3 மணிக்கு நீங்கள் போட்ட அறிவிப்பைப் பற்றித்தான் எழுதுகிறேன். எது என்று உங்களுக்குத் தெரியும். அன்று காலையிலிருந்து குழுவில் எத்தனை பேர் அதைப் பற்றிக் கேட்டார்கள் என்பதும் தெரியும்.

வெள்ளி இரவு 8 மணிக்கு ‘ஊழி’ என்று தலைப்புக் கொடுத்தீர்கள். ஏழு பக்கம் வரை எழுதலாம் என்றீர்கள். நல்ல தலைப்பு, அதைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டது. 31 மணி நேரம் கழித்து, ஐந்து பக்கம்தான் வரம்பு, அதற்கு மேல் போனால் முதல் ஐந்து பக்கம் மட்டுமே படிக்கப்படும் என்று மாற்றினீர்கள். எதிர்பார்த்ததைவிட நிறையப் பேர் சேர்ந்துவிட்டார்கள், நடுவர்கள் குறைவு என்று காரணமும் சொன்னீர்கள். உங்கள் சிரமம் புரியாமல் இல்லை. யாருக்கும் இதில் சம்பளம் கிடையாது, சொந்த வேலையை முடித்துவிட்டு வந்துதான் எங்கள் எழுத்தைப் படிக்கிறீர்கள், அதற்கு உண்மையாகவே நன்றி. ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுகிறேன். கடிகாரம் ஓடத் தொடங்கிய பிறகு விதியை மாற்றாதீர்கள்.

இரண்டு பக்கம்தானே என்று உங்களில் ஒருவர் பதில் எழுதியிருந்தார். 120 பக்கத் திரைக்கதையில் இரண்டு பக்கம் பெரிய விஷயமில்லைதான். ஏழு பக்கத்தில் அது கால்வாசிக்கும் மேல். அதுவும் உலகம் அழியும் கதையில். காதல் கதை எழுதினால் ‘பேருந்து நிறுத்தம், மாலை’ என்று ஒரு வரி போட்டதும் மிச்சத்தைப் படிப்பவரே நிரப்பிக்கொள்வார். ஊழிக் கதையில் அது நடக்காது. அழிந்தது எதனால், மிஞ்சியது என்ன, இப்போது எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று எல்லாவற்றையும் கண்ணால் பார்க்கும்படி வைக்க வேண்டும், அதையும் யாரையும் பேச வைத்து விளக்காமல் வைக்க வேண்டும். அதற்கு ஒரு பக்கமாவது தேவை.

என் கதையையே சொல்கிறேன். 1859 செப்டம்பரில் பெரிய சூரியப் புயல் ஒன்று பூமியைத் தாக்கியது. அதற்கு முந்தைய நாள், புயலுக்குக் காரணமான வெடிப்பைச் சூரியனில் கண்ட ரிச்சர்ட் கேரிங்டனின் பெயரில்தான் இன்றும் அது அறியப்படுகிறது. தந்திக் கம்பிகளில் தாறுமாறாக மின்சாரம் பாய்ந்தது, சில இடங்களில் ஊழியர்களுக்கு ஷாக் அடித்தது. அமெரிக்காவில் பாஸ்டனிலும் போர்ட்லாண்டிலும் இருந்த இரண்டு தந்தி ஊழியர்கள் தங்கள் பேட்டரிகளைக் கழற்றி வைத்துவிட்டு, புயல் கம்பியில் உண்டாக்கிய மின்னோட்டத்தை மட்டும் வைத்துச் சுமார் இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பிக்கொண்டார்கள். இதை எப்போதோ படித்து மனதில் வைத்திருந்தேன். தலைப்பைப் பார்த்ததும் முதலில் வந்து நின்றது அதுதான்.

அதிலிருந்து ஒரு கதை. இன்னொரு சூரியப் புயல், எல்லா ஊரிலும் மின்சாரம் போய்விட்டது, வானம் ராத்திரியிலும் சிவந்து கிடக்கிறது. பழைய தந்தி நிலையம் ஒன்றில் ஒரு வயதான பெண். பேட்டரியைத் தொட்டுப் பார்க்கிறாள், செத்துப் போயிருக்கிறது. கம்பியிலிருந்து அதைக் கழற்றி ஓரமாக வைக்கிறாள். கம்பியின் முனைகளைச் சும்மா, பழக்கத்தில், ஒன்றோடொன்று முறுக்கிவிட்டுக் கதவுவரை போகிறாள். பின்னால் கருவி ‘டிக்’ என்கிறது. திரும்பிப் பார்க்கிறாள். மறுபடி ‘டிக்’. அந்தப் பக்கத்தில் ஒரு வசனம்கூடக் கிடையாது. வெள்ளி இரவு தொடங்கி சனி மதியம்வரை அந்த ஒரு பக்கத்தைத்தான் எழுதி எழுதி அழித்தேன். அந்தக் கருவி ஏன் இயங்குகிறது என்பதை அவளோடு சேர்ந்து படிப்பவரும் கண்டுபிடிக்க வேண்டும், அப்போதுதான் பின்னால் வரும் உரையாடலை நம்புவார்கள். சனி இரவு ஏழாவது பக்கத்தின் கடைசி வரியில் கதையை முடித்துவிட்டுப் படுத்தேன்.

ஞாயிறு காலை 9 மணிக்குத்தான் உங்கள் அறிவிப்பைப் பார்த்தேன். மிச்சம் 11 மணி நேரம். முதலில் வசனத்தில் கைவைத்தேன், சீன் தலைப்புகளை ஒன்றாக்கிக் குறைத்தேன், அங்கங்கே ஒற்றைச் சொல்லுக்காக வழிந்து நின்ற வரிகளை இழுத்துப் பிடித்தேன். எல்லாம் சேர்ந்து ஒரு பக்கம் குறைந்தது. இன்னும் ஒரு பக்கம் குறைய வேண்டும். வசனத்தை இன்னும் வெட்டினால் கதையில் பேசிக்கொள்ளும் இரண்டு பேரும் மனிதர்களாகவே தெரிய மாட்டார்கள். வேறு வழியில்லாமல் அந்த மௌனமான பக்கத்தைத் தூக்கினேன். அதற்குப் பதில் “பேட்டரி இல்லாமலே ஓடுது” என்று அவளை ஒரு வரி சொல்ல வைத்தேன். எழுதும்போதே அது பொய்யாகக் கேட்டது.

நடுவர் குறிப்பு வந்தது. “மின்சாரமே இல்லாத உலகில் தந்திக் கருவி எப்படி வேலை செய்கிறது? தெளிவில்லை.” அந்த நடுவர்மேல் எனக்குத் துளியும் கோபமில்லை. அவர் கையில் இருந்ததைப் படித்து நியாயமான கேள்வி கேட்டிருக்கிறார். பதில் நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பக்கத்தில் இருந்தது.

எனக்காவது வெட்டுவதற்கு 11 மணி நேரம் கிடைத்தது. இரவுப் பணிக்குப் போக வேண்டியிருந்ததால் சனி மாலையே ஏழு பக்கத்தையும் அனுப்பிவிட்டுப் போன ஒருவருக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஒருமுறை அனுப்பினால் மறுபடி அனுப்ப முடியாது என்பதும் உங்கள் விதிதான், அதை மட்டும் நீங்கள் மாற்றவில்லை. அவருடைய கதையின் முடிவு ஆறாவது, ஏழாவது பக்கங்களில் இருந்தது. அவருக்கு வந்த குறிப்பில் “கதை பாதியில் நிற்கிறது” என்று இருந்தது. இது அவருடைய முதல் திரைக்கதை. இனி எழுதப் போவதில்லை என்கிறார். அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை, உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

பக்கக் கணக்கைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கம் எழுதினால் திரையில் ஒரு நிமிடம் என்ற கணக்கு, கூரியர் எழுத்துருவில் 12 புள்ளி அளவில் ஆங்கிலத்தில் எழுதும் வழக்கத்திலிருந்து வந்தது. கூரியரில் தமிழ் எழுத்துகளே கிடையாது. நாம் தமிழில் அடிக்கும்போது மென்பொருள் தன்னிடம் இருக்கும் வேறொரு எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்கிறது. எழுத்தின் அகலமும் வரியின் உயரமும் மாறுகின்றன. என் கணினியில் சரியாக ஏழு பக்கம் வந்த அதே கோப்பு நண்பரின் கணினியில் ஏழரை வந்தது. எந்தத் தமிழ் எழுத்துரு, என்ன அளவு என்று நீங்கள் இதுவரை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. போன முறை தலைப்புக்கு விளக்கம் ஒரு நாள் கழித்து வந்தது. அதற்கு முந்தைய முறை பிடிஎஃப் மட்டும்தான் ஏற்போம் என்பது கடைசி இரண்டு மணி நேரத்தில் தெரிந்தது. ஒவ்வொரு முறையும் யாராவது கேட்டால், “இது நமக்குள் நடத்துவதுதானே, இவ்வளவு சீரியஸாக எடுக்காதீர்கள்” என்று பதில் வருகிறது. சீரியஸாக எடுப்பதால்தான் இரண்டு ராத்திரி கண்விழித்து எழுதுகிறோம். எடுக்காதவர்கள் வெள்ளிக்கிழமையே தூங்கப் போயிருப்பார்கள்.

கட்டுப்பாடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2001-இல் வாஷிங்டனில் தொடங்கிய 48 மணி நேரப் படப் போட்டியில் கதையின் வகை, ஒரு பாத்திரம், ஒரு பொருள், ஒரு வசனம் என்று அத்தனையும் கட்டாயம். ஆனால் எல்லாவற்றையும் தொடக்கத்திலேயே கையில் கொடுத்துவிடுகிறார்கள். அதனால்தான் அது விளையாட்டாக இருக்கிறது. ஐந்து பக்கம் என்று வெள்ளி இரவே சொல்லியிருந்தால் ஐந்து பக்கத்துக்கான கதையை யோசித்திருப்பேன். இரண்டு பக்கம் என்றாலும் சரி, எழுதியிருப்பேன். ஏழு பக்கத்துக்குப் பிறந்த கதையை ஐந்துக்குள் மடக்கச் சொன்னதுதான் பிரச்சினை.

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதிவிட்டேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பணிவாகவே கேட்கிறேன். அடுத்த முறை எல்லா விதிகளையும், எழுத்துரு உட்பட, தலைப்போடு சேர்த்தே வெளியிடுங்கள். அதன் பிறகு முடிவு நேரம்வரை எதையும் தொடாதீர்கள். படைப்புகள் அதிகமாக வந்துவிட்டால் முடிவைத் தாமதமாக அறிவியுங்கள். ஒரு மாதம் ஆனாலும் காத்திருக்கிறோம், யாரும் முணுமுணுக்க மாட்டோம். படிக்க ஆள் போதவில்லை என்றால் அடுத்த சுற்றில் எழுதாமல் படிக்க நான் வருகிறேன், என்னைப் போல இன்னும் சிலரும் வருவார்கள்.

இந்த முறை வந்த முடிவுகளை மாற்றச் சொல்லவில்லை, என் கதையைத் திரும்பப் படிக்கவும் சொல்லவில்லை. அந்த இரவுப் பணிக்காரரின் கோப்பு உங்களிடம் முழுதாகத்தான் இருக்கிறது. நடுவர்களில் யாராவது ஒருவர் ஆறாவது, ஏழாவது பக்கங்களையும் படித்துவிட்டு அவருக்கு இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். இந்த வாரத்துக்குள் அனுப்பினால் நன்றாக இருக்கும்.

அன்புடன்,
இரண்டு வருடங்களாக உங்கள் போட்டிகளில் எழுதிவரும் ஒருவர்