சீட்டில் நேரத்தையும் எழுதுங்கள்: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுகாதாரத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு மருத்துவமனைகளின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் கூட்டம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன். நடுக்கம், நடைத் தடுமாற்றம், மறதி என்று வருகிறவர்களுக்கு முன்கூட்டியே நேரம் குறித்துக் கொடுங்கள்.

என் அப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய், அதாவது கைகால் நடுங்கி நடை தடுமாறும் மூளை நரம்பு நோய். இப்போது மறதியும் சேர்ந்துகொண்டது. லெவோடோபா மாத்திரை போட்டால் சில மணி நேரம் நன்றாக நடப்பார். அதன் வேகம் இறங்கினால் கால் எழும்பாது. போன வாரம் காலை 7 மணிக்கே சீட்டு வாங்கிக் காத்திருந்தோம். எங்கள் எண் வந்தபோது மதியம் தாண்டிவிட்டது. டாக்டர் அறை வாசல் வரை வந்தவர் அங்கேயே உறைந்து நின்றுவிட்டார். குறுகலான வாசலைக் கண்டாலே இந்த நோய்க்காரர்கள் பலருக்குக் கால் நின்றுபோகும். "பெரியவரே, வழிய விடுங்க" என்றார் பின்னால் ஒருவர். ஊழியர் அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். அப்பா என்னைப் பார்த்து, "நாம எதுக்குடா வந்திருக்கோம்?" என்று கேட்டார்.

அப்புறம் ஒருவழியாக உள்ளே போனோம். இரண்டு நிமிடம்தான். டாக்டர் மீது குறையில்லை, அவர் மேசையில் அத்தனை சீட்டு. ஆனால் மறதிக்கான கேள்விகளைக் கேட்டு முடிக்கவே 10 நிமிடம் ஆகும். நடக்கச் சொல்லியும் பார்க்க வேண்டும். நடைத் தடுமாற்றம், மறதி, சிறுநீரை அடக்க முடியாமை மூன்றும் சேர்ந்து வந்தால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். சிலருக்கு அதை அறுவை சிகிச்சையால் தேற்றவும் முடியும். வைட்டமின் பி12 குறைந்தாலும், தைராய்டு கெட்டாலும் மறதி வரும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் "வயசாயிடுச்சு" என்று ஒரே பதில்தான் கிடைக்கிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 பார்க்கின்சன் நோயையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. பட்டியலில் கிடைத்த இடம் பெஞ்சில் கிடைக்கவில்லை. பத்திரம் பதிய நேரம் குறித்துத் தருகிறது அரசு. பொங்கல் பரிசுக்கு வீடு தேடி வரும் டோக்கனில் தேதியோடு நேரமும் இருக்கிறது. கரும்பு வாங்கக் கிடைக்கும் மரியாதை மாத்திரை வாங்க வந்தவருக்குக் கிடையாதா? மக்களைத் தேடி மருத்துவம் 2021-இல் வந்தது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். எங்களுக்கோ, நோயாளியை நேரில் கூட்டி வந்தால்தான் மாத்திரை என்கிறார்கள்.

சரி, கோபத்தில் எங்கோ போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கேட்பது புதுக் கட்டடம் அல்ல, புது இயந்திரமும் அல்ல. இந்த நோயாளிகளுக்கென்று வாரத்தில் ஒரு வேளை ஒதுக்குங்கள். சீட்டில் வரிசை எண்ணோடு நேரத்தையும் எழுதுங்கள். மாத்திரை வேலை செய்யும் நேரம் பார்த்து நாங்களே கூட்டி வந்துவிடுவோம். அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஆவன செய்யுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகன்