தொழில் மாற முனைந்தவர்களுக்குக் கைகொடுத்த திருமலை மக்களுக்கு நன்றி மடல்

அன்புக்குரிய திருகோணமலை உறவுகளே,

முப்பது, நாற்பது வயதில் பழைய தொழிலை விட்டுப் புதிய தொழிலுக்கு வருகிறவர்களைப் பயிற்றுவிக்கும் எங்களுக்கு, நீங்கள் செய்த உதவியைப் பொதுவில் சொல்லி நன்றி கூறும் கடமை இருக்கிறது. 'உன்னால் முடியும்' என்று சொல்ல எங்கும் ஆள் இருக்கிறது. முடித்துக் காட்டக்கூடிய ஒரு வேலையைக் கையில் கொடுக்கத்தான் ஆள் கிடைப்பதில்லை. அந்த வேலையை நீங்கள் தந்தீர்கள்.

முதல் நன்றி நகரத்துத் தையற்கடை அக்காமாருக்கு. புதிதாக வருபவரை நேரே சாறிச் சட்டையில் உட்கார வைப்பது பல இடங்களில் வழக்கம். கைக்குழி வளைவு, மார்புப் பிடிப்பு, கழுத்து வெட்டு மூன்றும் முதல் வாரத்திலேயே வந்தால் துணி பாழாகும். அதோடு 'இந்த வயதில் இனி வராது' என்ற முடிவும் மனதில் ஏறிவிடும். நீங்கள் தலையணை உறையில் தொடங்கினீர்கள். 18 அங்குல அகலம், 28 அங்குல நீளம் உள்ள உறைக்கு 19 அங்குல அகலமும் 64 அங்குல நீளமுமான ஒரே துண்டு போதும். உள்மடிப்புக்கான 6 அங்குலமும் கரைகளும் அதற்குள் அடங்கும். 45 அங்குலத் துணியில் 64 அங்குலம் எடுத்தால் இரண்டு உறை வரும். தைக்க வேண்டியது நான்கு நேர்க்கோடுகள்: முதலில் இரண்டு ஓரக்கரைகள், பிறகு இரண்டு பக்கங்கள். அன்று மாலையே ஒரு பொருள் முடிந்து கையில் இருக்கும்.

அதைவிடப் பெரிய உதவி ஒன்றையும் செய்தீர்கள். துணிக்கு அடியில் நூல் கட்டியாகச் சுருண்டால் பழகுபவர் உடனே தன் கையைத்தான் குற்றம் சொல்வார். காரணம் பெரும்பாலும் கையில் இல்லை. மேல்நூல், அதை இறுக்கிப் பிடிக்கும் இறுக்கத் தட்டுகளுக்கு நடுவே சரியாக உட்காரவில்லை, அவ்வளவுதான். துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துகாலைக் கீழே விட்டபடி நூல் கோத்தால் தட்டுகள் மூடியே இருக்கும். நூல் மேலாகவே ஓடிவிடும். அழுத்துகாலைத் தூக்கி, நூலை முழுவதும் உருவி, மறுபடி கோத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். பிழை மெசினில் எங்கே என்று விரலால் தொட்டுக் காட்டியதால் 'எனக்கு வராது' என்பது 'நூலைத் திரும்பக் கோக்க வேணும்' என்று மாறியது. தன்னம்பிக்கை வளர்வது இந்த இடத்தில்தான் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

அல்பேட் பண்டூரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், ஒரு வேலையைத் தன்னால் செய்ய முடியும் என்ற நம்பிக்கை நான்கு வழிகளில் வருவதாகச் சொன்னார்: தானே செய்து முடிப்பது, தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலும் மனமும் காட்டும் அறிகுறிகள். இவற்றில் தானே செய்து முடிப்பதற்குத்தான் வலு அதிகம். வெறும் ஊக்கச் சொல் முதல் தோல்வியிலேயே கரைந்துவிடும்.

இரண்டாவது வழியைத் திறந்தவர்கள் நிலாவெளி, உப்புவெளி விடுதிச் சமையற்கூடங்களில் வேலை செய்யும் தம்பி, தங்கைமார். மே முதல் செப்டெம்பர் வரை அங்கே மூச்சு விட நேரமிராது. ஆகவே ஏப்ரலுக்கு முன்பே எங்கள் ஆட்களைச் சேர்த்துக்கொண்டீர்கள். தலைமைச் சமையற்காரரின் கைவேகத்தை முதலில் காட்டினால் புதியவர் மலைத்துப் போவார். அண்மையில் வேறு தொழிலிலிருந்து வந்த ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தினீர்கள். அவர் கறட் வெட்டும்போது ஒரு துண்டு தடித்து, இன்னொன்று மெலிந்து போவதும், தடித்தது வேகாமல் நிற்பதும், அடுத்த தடவை விரல் நுனிகளை உள்ளே மடக்கி, கணுவில் கத்தியைச் சாய்த்து அவர் திருத்திக்கொள்வதும் கண்முன் நடந்தன. தடுமாறி நிமிர்ந்தவரைப் பார்த்தவருக்கு 'நானும் நிமிரலாம்' என்று தோன்றும்.

கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு உதவிய ஓய்வுபெற்ற ஆசிரியர் ஐயாமாரையும் அம்மாமாரையும் மறக்க முடியாது. முன்னனுபவத்தை மதிப்பிட்டு என்.வி.கியூ எனப்படும் தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் பெறும் வழி இலங்கையில் உண்டு. தொழிற்பயிற்சிக்கான அரச நிறுவனமான நைற்றா ஊடாகவும் விண்ணப்பிக்கலாம். பலர் தடுக்கி விழுவது ஆதாரக் கோவையில். 'மேசன் வேலை, 12 வருட அனுபவம்' என்று எழுதினால் மதிப்பீட்டாளருக்கு ஒன்றும் தெரியாது. எந்தச் சுவர், எத்தனை அடி, சீமெந்தும் மணலும் என்ன விகிதம், தூக்குக்குண்டு எங்கே பிடித்தது, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படம், வீட்டுக்காரரின் கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதுவித்தீர்கள். அப்படி எழுதி முடித்த கோவையைப் புரட்டும்போதுதான் பலருக்குத் தாங்கள் எவ்வளவு அறிந்தவர்கள் என்பதே தெரிய வருகிறது. எங்கள் வகுப்புகள் கொடுக்காத நிமிர்வை அந்தத் தாள்கள் கொடுத்தன என்று தயங்காமல் சொல்வோம்.

நேர்முகத்துக்கு முன் மாதிரிக் கேள்விகள் கேட்டுப் பழக்கிய வங்கி உத்தியோகத்தருக்கும் நன்றி. நெஞ்சு படபடப்பதும் கை வியர்ப்பதும் தகுதியின்மையின் அடையாளம் அல்ல, உடம்பு தயாராகும் விதம் என்று சொல்லித் தந்தீர்கள். முதல் பதிலை மட்டும் வாய்விட்டுப் பல தடவை சொல்லிப் பார்க்கச் சொன்னதும் நல்ல யோசனை; முதல் பதில் ஓடிவிட்டால் மற்றவை வரும். சொந்தமாகத் தைத்து விற்கப் போகிறவர்களிடம் துணி, நூல், மின்சாரத்தோடு தங்கள் மணித்தியாலக் கூலியையும் விலையில் சேர்க்க வைத்தீர்கள். கூலியைச் சேர்க்காதவர் விற்க விற்க நட்டப்பட்டு, பிழை தன்னுடைய திறமையில் என்று எண்ணிக்கொள்வார்.

கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் பக்கமிருந்து வந்தவர்களின் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொண்ட அம்மம்மாமாருக்கும், வீட்டு வேலையைப் பங்கு போட்ட கணவன்மாருக்கும், பஸ் பிந்திய நாட்களில் ஓட்டோவில் கூலி வாங்காமல் இறக்கிவிட்ட தம்பிமாருக்கும் எங்கள் மனமார்ந்த நன்றி.

அடுத்த அணி மாரி மழை விட்ட பிறகு தொடங்கும். இரண்டு தையல் மெசின்களும், வாரத்தில் இரண்டு காலைகள் ஆள் எடுக்கக்கூடிய ஒரு பேக்கறியும் தேவைப்படுகின்றன. தர விரும்புகிறவர்கள் பயிற்சி நடக்கும் நேரத்தில் நேரே வந்து சொல்லுங்கள்.

என்றும் நன்றியுடன்,
பயிற்சி நடத்துநர்கள்,
திருகோணமலை