எங்கள் மெஷின்களின் கணக்கைக் கேட்கும் கொள்முதல் துறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கொள்முதல் துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். கோவை கணபதியில், பிற கம்பெனிகளின் ஆர்டருக்கு உறுப்புகள் கடைந்து தரும் ஜாப் ஒர்க் பட்டறை நடத்துகிறேன். கணினி சொல்படி கடையும் சி.என்.சி. லேத் ஏழு, செதுக்கித் துளையிடும் வி.எம்.சி. மெஷின் இரண்டு இருக்கின்றன. பம்பு ஷாஃப்ட், வால்வு உறுப்புகள், வண்டிகளுக்குப் போகும் குழல் போன்ற புஷ்கள் என்று உங்களில் மூன்று பேருக்கு வேலை செய்து தருகிறோம். சென்ற மாதம் உங்களில் ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அடுத்த நிதியாண்டு தொடங்கும் முன் எங்கள் மெஷின்கள் அனைத்தையும் உங்கள் கண்காணிப்பு மென்பொருளோடு இணைக்க வேண்டுமாம். எது ஓடுகிறது, எது நிற்கிறது, ஒரு பீஸுக்கு எத்தனை நொடி ஆகிறது என்பதெல்லாம் உங்கள் அலுவலகத் திரையில் அப்போதைக்கப்போது தெரிய வேண்டும். இணைக்காதவர்களின் வெண்டர் மதிப்பெண் குறையும். எங்கள் வீதியிலேயே இன்னும் நான்கு பட்டறைகளுக்கு வேறு வேறு நிறுவனங்களிடமிருந்து இதே போன்ற கடிதம் வந்திருக்கிறது. அதனால் ஒருவருக்கு மட்டும் பதில் போடாமல் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

இணைப்பே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பே, யாரும் கேட்காமல், நாங்களாகவே மெஷின்களைக் கோர்த்துவிட்டோம். புதிய நான்கில் கண்ட்ரோலரிலேயே நெட்வொர்க்கோடு இணைக்கும் ஈதர்நெட் வசதி இருந்தது. பழையவற்றில் அது கிடையாது. ஸ்பிண்டில் மோட்டாருக்குப் போகும் கேபிளைச் சுற்றி ஒரு கரன்ட் சென்சாரை மாட்டினோம். ஆம்பியர் ஏறினால் வெட்டுகிறது, இறங்கினால் சும்மா நிற்கிறது, அவ்வளவுதான் கணக்கு. கம்ப்ரெசரும் மின் மீட்டரும் 1979இல் வந்த மாட்பஸ் முறையில் பேசுகின்றன. எல்லாவற்றையும் சேர்த்து அனுப்பும் எம்.க்யூ.டி.டி. என்ற செய்தி முறை, 1999இல் எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கவனிப்பதற்காக உருவானது. 2011இல் ஜெர்மனியின் ஹனோவர் கண்காட்சியில், இப்படி மெஷின்களைக் கணினியோடு கோர்ப்பதற்கு 'தொழில் 4.0' என்று பெயர் சூட்டப்பட்டபோது இந்தச் சங்கதிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே புழக்கத்தில் இருந்தன. எங்களைப் போன்ற பட்டறைக்கு எட்டும் விலைக்கு அவை வந்ததுதான் புதிது.

முதல் மாதக் கணக்கு வந்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மெஷின்கள் நூற்றுக்கு எண்பது நேரம் ஓடுவதாக நினைத்துக்கொண்டிருந்தோம். பாதிகூட ஓடவில்லை. அப்பா நம்பவே இல்லை. ஒற்றை லேத்தோடு இந்தப் பட்டறையைத் தொடங்கியவர் அவர்; மெஷின் சத்தத்தைக் கேட்டே வெட்டும் முனையான இன்சர்ட் தேய்ந்திருப்பதைச் சொல்லிவிடுவார். ஒரு நாள் முழுக்க நாற்காலி போட்டு உட்கார்ந்து நோட்டில் குறித்தார். மெஷின் ஓட்டத்தைக் கணக்கெடுக்கும் டப்பா சொன்னதும் அவர் குறித்ததும் பெரிதாக வித்தியாசப்படவில்லை. ஆனால் அவர் நோட்டில், டப்பாவில் இல்லாத ஒரு பத்தி இருந்தது: ஏன் நின்றது. நான்கு மெஷினுக்கும் சேர்த்து, காற்றைக் கொண்டு அளவு பார்க்கும் ஏர் கேஜ் ஒன்றே ஒன்று. ஒருவர் அளந்து முடிக்கும் வரை மற்ற மூவரும் காத்து நின்றார்கள். இன்சர்ட் அலமாரிச் சாவி முதல் ஷிஃப்ட் சூப்பர்வைசர் பையில் வீட்டுக்குப் போயிருந்தது. வரைபடத்தில் ஒரு டாலரன்ஸ், அதாவது அளவில் எவ்வளவு விலகலாம் என்பது, தெளிவில்லாமல், உங்கள் தர அலுவலரின் பதிலுக்காக இரண்டு மணி நேரம் ஒரு மெஷின் சும்மா கிடந்தது.

இரண்டாவது கேஜ் வாங்கினோம். சாவியை ஸ்டோர் சுவரில் மாட்டினோம். அடுத்த மூன்று மாதத்தில், புது மெஷின் எதுவும் வாங்காமலே, எங்கள் உற்பத்தி கண்ணுக்குத் தெரிய உயர்ந்தது. மெஷினில் வேலையை அமைத்துத் தரும் எங்கள் செட்டர் அண்ணன் சொன்னதை இன்றும் நினைத்துக்கொள்கிறேன்: "நின்னுச்சுன்னு டப்பாவுக்குத் தெரியுதுங்க. எதுக்கு நின்னுச்சுன்னு தெரியறதில்லீங்க."

உங்கள் திரை என் பட்டறைக்குள் வருவதைப் பற்றிய என் முதல் கவலை இங்கேதான் தொடங்குகிறது. போன ஆடியில் இரண்டாம் ஷிஃப்டில் வேலை செய்த ஒரு பெண் ஆபரேட்டர், புஷ் ஒன்றின் உள்விட்டத்தில் விரல் வைத்துப் பார்த்து, பிசிறு கூடுதலாக இருப்பதாக உணர்ந்து மெஷினை நிறுத்தினார். கூலன்ட் குழாய் விலகி இருந்தது. சரிசெய்து திரும்ப ஓட்டப் பன்னிரண்டு நிமிடம். அவர் நிறுத்தாமல் விட்டிருந்தால் அந்த லாட்டில் பாதி ரிஜெக்ஷன் ஆகியிருக்கும், அதுவும் உங்கள் வாசல் வரை வந்த பிறகு. மெஷின் நின்றால் சிவப்பு காட்டும் எங்கள் போர்டில் அந்தப் பன்னிரண்டு நிமிடமும் சிவப்பு. அது எதற்கான சிவப்பு என்று பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். வேறு ஊரில் உட்கார்ந்து பார்க்கும் உங்கள் அலுவலருக்கு அது ஒரு வெண்டரின் சோம்பல்.

உங்கள் கடிதத்தில், மெஷினின் மொத்தச் செயல்திறனைச் சொல்லும் ஓ.இ.இ. 85 சதவீதம் இருக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. அந்த எண் ஜப்பானின் மெஷின் பராமரிப்பு நிபுணர் செய்இச்சி நகஜிமாவிடமிருந்து வந்தது. மெஷின் கிடைத்த நேரம் 90, வேகம் 95, தரம் 99. மூன்றையும் சதவீதமாகப் பெருக்கினால் ஏறக்குறைய 85. ஒரே பொருளை நாள் முழுக்க ஓட்டும் லைனுக்கு அது நியாயமான இலக்கு. என் பட்டறையில் ஒரு மெஷினில் ஒரே நாளில் நான்கு செட்டிங் மாறும். ஏன் மாறுகிறது? நீங்கள் ஐம்பது பீஸ், எண்பது பீஸ் என்று சின்னச் சின்ன ஆர்டராகத் தருகிறீர்கள். பொருளைப் பிடிக்கும் ஜாவை மாற்றி, டூலின் நிலையை மெஷினில் பதிந்து, முதல் பீஸ் அளந்து ஒப்புதல் வாங்கும் நேரமெல்லாம் அந்தக் கணக்கில் நஷ்டமாகவே விழும். உங்கள் ஸ்டோரில் சரக்கு தேங்காமல் இருப்பதற்கான விலையை என் ஓ.இ.இ. கொடுத்துக்கொண்டிருக்கிறது.

இனி, சொல்லக் கூச்சமான விஷயத்துக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளரை நம்பி, அவர் கேட்ட சைக்கிள் டைம், அதாவது ஒரு பீஸுக்கு ஆகும் நேரம் பற்றிய விவரத்தைக் கொடுத்தோம். ஒரு ஷாஃப்டுக்கு 4 நிமிடம் 10 நொடி ஆகிக்கொண்டிருந்தது. டூல் போகும் வழியை என் மகன் மாற்றி எழுதினான். விலை கூடிய இன்சர்ட்டுக்கு மாறினோம். இரண்டு மாதம் முட்டி மோதி 3 நிமிடம் 25 நொடிக்குக் கொண்டுவந்தோம். அடுத்த காலாண்டிலேயே விலைப் பேச்சுக்கு அழைப்பு வந்தது. மெஷினின் மணிநேர ரேட்டை நொடிக்கணக்காக வகுத்து, குறைந்த 45 நொடிக்கான காசை அப்படியே பிடித்துக்கொண்டார்கள். இன்சர்ட்டுக்கு நாங்கள் கூடுதலாகக் கொடுத்ததோ, மகனின் இரண்டு மாத உழைப்போ அந்தத் தாளில் எங்கும் இல்லை. "இனி எதுக்குப்பா குறைக்கணும்?" என்று அவன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்வி எங்கே கொண்டுபோய் விடும் என்று நீங்களும் யோசிக்க வேண்டும். ஒவ்வொரு மெஷினிலும் வெட்டும் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஃபீட் ஓவர்ரைடு என்று ஒரு திருகு இருக்கிறது. நூறில் ஓட வேண்டியதை எண்பதில் வைத்தால் சைக்கிள் டைம் கூடிவிடும், கண்டுபிடிப்பதும் எளிதல்ல. வேகம் காட்டினால் விலை குறையும் என்று ஆகிவிட்டால், பட்டறைக்காரர்கள் உங்கள் திரைக்குத் தெரியும்படி மெதுவாக ஓட்டக் கற்றுக்கொள்வார்கள். அப்புறம் லட்சக்கணக்கில் செலவழித்து நீங்கள் சேர்க்கும் தரவு முழுக்கப் பொய்யாக இருக்கும். நான் அந்தத் திருகில் கை வைக்க விரும்பவில்லை. என்னை அந்த இடத்துக்குத் தள்ளாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இன்னொன்று. என் மெஷின் உங்களுக்கு மட்டும் ஓடவில்லை. திங்களன்று உங்கள் ஷாஃப்ட் ஓடிய அதே லேத்தில் செவ்வாயன்று உங்கள் போட்டியாளரின் புஷ் ஓடும். முழு மெஷினின் தரவும் உங்கள் சர்வருக்கு வந்தால், அவர் எத்தனை பீஸ் எடுக்கிறார் என்பது உங்களுக்குத் தெரிந்துவிடும், உங்களுடையது அவருக்கு.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்கள். 2025 செப்டம்பர் 12 முதல் நடைமுறையில் இருக்கும் ஐரோப்பிய ஒன்றியத் தரவுச் சட்டப்படி, இணைக்கப்பட்ட இயந்திரம் உண்டாக்கும் தரவைப் பெற அதைப் பயன்படுத்துபவருக்கு உரிமை உண்டு. தரவைக் கையில் வைத்திருப்பவர், அநேகமாக மெஷினைச் செய்தவர், பயனரோடு ஒப்பந்தம் இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது. பயனரின் உற்பத்தி முறையையும் பொருளாதார நிலையையும் அதிலிருந்து துருவி எடுத்து, சந்தையில் அவரைப் பலவீனப்படுத்தவும் கூடாது. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தனிமனிதர்களின் விவரங்களுக்கு மட்டும்தான். லேத்தின் தரவுக்கு நமக்குள் போடும் ஒப்பந்தம் ஒன்றே காப்பு. அதை நீங்கள் எழுதி நாங்கள் கையெழுத்திடுவதாக இருக்கக் கூடாது. சேர்ந்து எழுத வேண்டும்.

அதில் நான் எதிர்பார்ப்பதைச் சொல்கிறேன். உங்கள் ஆர்டரில் எத்தனை பீஸ் முடிந்தது, அளவுகள் எப்படி வந்தன, எப்போது அனுப்புவோம் என்ற விவரங்களை நொடிக்கு நொடி தரத் தயார். சைக்கிள் டைமும் மெஷின் ஓடிய நேரமும் பட்டறைக்குள்ளேயே இருக்கட்டும். அவையும் வேண்டுமென்றால், எங்கள் முயற்சியால் மிச்சமாவதை ஒரு வருடமாவது பாதிப் பாதி பிரித்துக்கொள்வோம். ஆபரேட்டரின் பெயரோ எண்ணோ எந்தத் தரவோடும் வெளியே போகாது. இதில் பேச்சுக்கே இடமில்லை. ஆளுக்கொரு டப்பாவைத் தந்து மூன்று பேருக்கும் மூன்று மாதச் சந்தா கட்டச் சொல்லாமல், எம்.டி.கனெக்ட், ஓ.பி.சி. யு.ஏ. போன்ற பொது முறைகளில் ஒரே இடத்திலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்புச் செலவிலும் உங்கள் பங்கு வேண்டும். 2022 மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானில் தன் 14 ஆலைகளின் 28 லைன்களை நிறுத்தியது. கோஜிமா என்ற சப்ளையர் நிறுவனத்தின் கணினிகளில் புகுந்த வைரஸ்தான் காரணம். என் வி.எம்.சி. ஒன்றில் இன்னும் பழைய விண்டோஸ்தான் ஓடுகிறது. அதை மாற்ற மெஷின் கம்பெனி கேட்கும் தொகை என் ஒரு மாத லாபத்தைவிட அதிகம். நம்மை ஒரே கம்பியில் கோர்த்த பிறகு என் வீட்டுப் பூட்டு உங்கள் வீட்டுக்கும் பூட்டுதான்.

கம்பியில் இரண்டு பக்கமும் செய்தி ஓடட்டும். ஆர்டரைத் தள்ளிவைத்திருக்கிறீர்கள் என்பது, இரும்பு வாங்கி அறுத்துப் போட்ட பிறகு தொலைபேசியில்தான் எங்களுக்குத் தெரிகிறது. உங்கள் அசெம்பிளி லைன் திட்டம் உங்கள் கணினியில் இருக்கிறது; எங்களுக்கான பகுதியைத் திறந்துவிடுங்கள். சரக்கு ஏற்கப்பட்டதா, பில் எந்த மேசையில் இருக்கிறது என்பதையும் காட்டுங்கள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம் எங்களைப் போன்றவர்களுக்கு 45 நாளுக்குள் பணம் தரச் சொல்கிறது. அந்த நாட்களும் ஒரு திரையில் ஓடினால் நல்லது.

ஒப்பந்தத் தாள் என் மேசையில் கையெழுத்தில்லாமல் இருக்கிறது. கையெழுத்திடும் முன் உங்களில் யாராவது ஒருவர் வந்து ஒரு ஷிஃப்ட் முழுக்க எங்களோடு இருந்து பார்க்க வேண்டும். இரண்டாம் ஷிஃப்ட் மாலை நாலரைக்குத் தொடங்கும். அப்பாவின் நாற்காலி இன்னும் அங்கேயேதான் கிடக்கிறது, நோட்டும் இருக்கிறது. சிவப்பு எரியும் ஒவ்வொரு முறையும் எழுந்து போய் ஏன் என்று கேட்டு எழுதுங்கள். அந்த நோட்டை வைத்துக்கொண்டு ஒப்பந்தத்தைப் பேசுவோம்.

இப்படிக்கு,
ஒரு ஜாப் ஒர்க் பட்டறைக்காரர்,
கணபதி, கோவை.