பெயர் சொல்லாத பிளேட்டைக் கொடுங்கள்: நுண்ணுயிரியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் நுண்ணுயிரியல் செய்முறைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கு வணக்கம்.

மருத்துவ ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியா பெஞ்சில் வேலை பார்க்கும் சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். உங்களிடம் படிக்கும் பிள்ளைகள்தான் பயிற்சிக்கும், பிறகு வேலைக்கும் எங்களிடம் வருகிறார்கள். பாடம் நன்றாகத் தெரிந்தவர்கள். கிருமிகளை ஊதா (கிராம் பாசிட்டிவ்), சிவப்பு (கிராம் நெகட்டிவ்) என இரு வகையாகப் பிரித்துக் காட்டும் கிராம் சாயத்தின் படிகளை வரிசை மாறாமல் சொல்வார்கள். ஆனால் கிருமி வளர்க்கும் தட்டான பிளேட் ஒன்றிலேயே மூன்று வகைக் காலனிகள் (கிருமிக் கூட்டங்கள்) வளர்ந்திருந்தால் எதைத் தொடுவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறார்கள். செய்முறை வகுப்பில் அவர்கள் கைக்கு வருவது பெரும்பாலும் பெயர் எழுதி ஒட்டிய, ஒரே கிருமியை மட்டும் வளர்த்த தனிக் கல்ச்சர்தான். விடையைக் கையில் வைத்துக்கொண்டே சோதனை செய்து பழகியவருக்கு, நோயாளியின் சளியிலிருந்தோ சீழிலிருந்தோ வளர்ந்த பிளேட் புரியாத பாஷையாக இருப்பதில் வியப்பில்லை.

எங்கள் முக்கியக் கோரிக்கை ஒன்றுதான். பெயர் சொல்லாமல் கலப்புக் கல்ச்சரைக் கொடுங்கள். அதைப் பிரித்துக் கண்டுபிடிக்க மூன்று நாள் தொடர்ச்சியான ஆய்வக நேரம் ஒதுக்குங்கள்.

அபாயகரமான கிருமி எதுவும் இதற்குத் தேவையில்லை. ஈ. கோலை, ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ், என்டரோகாக்கஸ் மூன்றும் போதும். மூன்றையும் தனித்தனியாக 0.5 மெக்ஃபார்லண்ட் (கிருமிச் செறிவைக் கணிக்கும் தரநிலை) கலங்கல் அளவுக்கு உப்புநீரில் கரைத்து, வகுப்பு தொடங்கும் முன்தான் கலக்க வேண்டும். ஈ. கோலை ஒரு பங்கு என்றால் மற்றவை பத்துப் பங்கு. முந்தைய நாளே திரவ ஊடகத்தில் கலந்து வைத்தால் ஈ. கோலை மற்ற இரண்டையும் மூடிவிடும். மாணவர் ஒரே கிருமியைக் கண்டுபிடித்துவிட்டுச் சரியாகச் செய்ததாக நினைத்துக்கொள்வார். இரத்த அகார், மெக்கான்கி அகார் என்னும் இரண்டு வளர்ப்பு ஊடகங்களிலும் ஒரே நேரத்தில் தீட்டச் சொல்லுங்கள். மெக்கான்கியில் உள்ள பித்த உப்பும் கிரிஸ்டல் வயலட்டும் கிராம் பாசிட்டிவ் வகைகள் பெரும்பாலானவற்றை அடக்கிவிடும். இரண்டு பிளேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இதில் இருப்பது அதில் ஏன் இல்லை என்று கேட்டாலே பாதிப் பாடம் முடிந்துவிடும்.

பிளேட்டை நான்கு பகுதிகளாகத் தீட்டும்போது ஒவ்வொரு பகுதிக்கும் இடையில் லூப்பை (கிருமியை எடுத்துத் தீட்டும் வளையக் கம்பியை) சுட்டு ஆறவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆறவிடத்தான் பலருக்குப் பொறுமை இருப்பதில்லை. சூடான லூப் ஈரமான அகாரைத் தொட்டதும் சீறும். அந்தச் சீறலில் கிருமி நுண்திவலைகளாகக் காற்றில் பறக்கும், மிச்சம் இருப்பதும் வெந்து செத்துவிடும். தீட்டிய பிளேட்டை 35 டிகிரியில் 18 முதல் 24 மணி நேரம், தலைகீழாக வைத்து வளரவிட வேண்டும். நேராக வைத்தால் மூடியில் கோத்த நீர் சொட்டிக் காலனிகள் ஒன்றோடொன்று ஓடிக் கலந்துவிடும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது இந்தத் தட்டில் செல்லாது. ஒவ்வொரு வகைக் காலனியையும் தனியாக எடுத்து மறுபடி தீட்டி, அது சுத்தமாக வளர்ந்த பிறகுதான் அடுத்த சோதனை. இரண்டாவது நாள் முழுவதும் இதற்கே போய்விடும். பாட அட்டவணையில் முதலில் வெட்டுப்படுவதும் இந்த நாள்தான்.

கிராம் சாயத்துக்குக் கூடுதல் நேரம் கேட்கிறோம், ஏனென்றால் பிழைகள் அதிகம் நடப்பது அங்கேதான். ஸ்மியர், அதாவது ஸ்லைடில் பூசும் கிருமிப் படலம், மெல்லியதாக இருக்க வேண்டும். காய்ந்த பிறகு அதன் வழியே அச்செழுத்தைப் படிக்க முடிய வேண்டும். தடிப்பாகப் போட்டால் நிறநீக்கி உள்ளே போகாது. சிவப்பாகத் தெரிய வேண்டிய கிருமி ஊதாவாகவே நிற்கும். கிரிஸ்டல் வயலட் ஒரு நிமிடம், அயோடின் ஒரு நிமிடம், சாஃப்ரனின் ஒரு நிமிடம். இவற்றில் பத்து நொடி கூடினாலும் குறைந்தாலும் பெரிதாகக் கெடாது. நடுவில் வரும் நிறநீக்கம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அசிட்டோன் கலந்தது என்றால் இரண்டு மூன்று நொடி. 95 விழுக்காட்டு எத்தனால் என்றால் பத்து பதினைந்து நொடி. கடிகாரத்தை விட, வழியும் நீரின் நிறத்தைப் பார்க்கப் பழக்குங்கள்: ஊதா வழிவது நின்றதும் உடனே தண்ணீர். கூடிவிட்டால் ஸ்டாஃபிலோகாக்கஸ்கூடச் சிவப்பாகிவிடும். 24 மணி நேரத்துக்கு மேல் பழசான கல்ச்சரிலும், ஆன்டிபயாட்டிக் எடுத்துக்கொண்டிருக்கும் நோயாளியின் மாதிரியிலும் இதே கோளாறு வரும், அங்கே செல்சுவரே பழுதுபட்டிருக்கும். ஆகவே ஒரே ஸ்லைடில் தெரிந்த ஸ்டாஃபிலோகாக்கஸையும் தெரிந்த ஈ. கோலையையும் ஓரத்தில் போட்டுச் சேர்த்துச் சாயமிடுவதைக் கட்டாயமாக்குங்கள். அந்த இரண்டும் சரியான நிறத்தில் வராவிட்டால் நடுவில் இருப்பதைப் படிக்கக் கூடாது.

கேட்டலேஸ் சோதனைக்கு 3 விழுக்காட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு; கேட்டலேஸ் என்னும் நொதி உள்ள கிருமி அதில் குமிழிவிடும். இரத்த அகாரிலிருந்து காலனியோடு அகாரையும் சுரண்டி எடுத்தால், சிவப்பணுக்களில் உள்ள கேட்டலேஸே குமிழிவிட்டு ஏமாற்றும். குமிழிவிடாத என்டரோகாக்கஸை, குமிழிவிடும் ஸ்டாஃபிலோகாக்கஸ் என்று எழுதுவதற்கு இது போதும். குமிழி வெடித்துத் தெறிப்பது தொற்று வழி என்பதால் ஸ்லைடை மூடிச் செய்யச் சொல்லுங்கள். ஆக்சிடேஸ் என்னும் நொதி இருந்தால் நீலம் காட்டும் ஆக்சிடேஸ் சோதனையில் நிக்ரோம் கம்பி கூடாது, இரும்பு கலந்திருப்பதால் பொய்யான நீலம் வரும். மரக்குச்சியோ பிளாஸ்டிக் லூப்போ வேண்டும். பத்து நொடிக்குள் படிக்க வேண்டும். மெக்கான்கி பிளேட்டிலிருந்து எடுத்துச் செய்யக் கூடாது.

கிருமியின் புரதங்களை அளந்து பெயர் சொல்லும் மால்டி-டாஃப் கருவி இப்போது எல்லா இடத்திலும் இருக்கிறதே, இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி உங்கள் கூட்டங்களில் எழுந்திருக்கும். நல்ல கருவிதான், நாங்களும் தினமும் பயன்படுத்துகிறோம். ஆனால் அது ஈ. கோலையையும், வயிற்றுக்கடுப்பைத் தரும் ஷிகெல்லாவையும் நம்பகமாகப் பிரிக்காது. நிமோனியா தரும் நியூமோகாக்கஸையும் வாயில் சாதாரணமாக வாழும் அதன் உறவினர்களையும் குழப்பும். கலந்த காலனியை வைத்தால் ஒன்றும் சொல்லாது, அல்லது ஓங்கியிருப்பதை மட்டும் சொல்லும். தன் தரவுத்தளத்தில் இல்லாத கிருமிக்கு அடுத்த வீட்டுக்காரரின் பெயரைச் சொல்லிவிடும். திரையில் வந்த பெயர் பிளேட்டில் கண்டதோடும் கிராம் ஸ்லைடோடும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கத் தெரிந்த கண்தான் அதைத் தடுக்கும்.

நம் ஊரில் இது வெறும் பேச்சில்லை. 2015இல் பச்சையாகப் பரிமாறப்பட்ட நன்னீர் மீனைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்டோருக்குக் குழு பி ஸ்ட்ரெப்டோகாக்கஸின் 283ஆம் மரபு வகை தொற்றியது. பிறந்த குழந்தைகளையும் முதியோரையும் தாக்கும் கிருமி என்று பாடத்தில் படித்தது, திடமான பெரியவர்களுக்கு மூளைக்காய்ச்சலைக் கொடுத்தது. இந்தக் கிருமி இரத்த அகாரில் சிவப்பணுக்களைச் சிதைத்து உண்டாக்கும் தெளிவான வளையம் மிகக் குறுகியது. காலனியை லூப்பால் நகர்த்தி அடியில் பார்த்தால்தான் சில நேரம் தெரியும். கேட்டலேஸ் நெகட்டிவ், கேம்ப் சோதனையில் (ஸ்டாஃபிலோகாக்கஸுக்கு அருகே தீட்டிப் பார்ப்பது) அம்புமுனை வடிவம். வளையம் தெரியவில்லை என்று ஒதுக்கிவிட்டால் அத்தோடு போச்சு.

அடுத்தது, நாங்கள் அதிகம் கவலைப்படுவது. மெலியாய்டோசிஸ் நோயைத் தரும் பர்க்ஹோல்டெரியா சூடோமாலை இந்த மண்ணிலேயே இருக்கிறது. பெருமழைக்குப் பிறகு நோயாளிகள் கூடுகிறார்கள். சுகாதார அமைச்சுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் இது. முதல் நாளில் காலனி சின்னதாக, அசட்டையாக ஒதுக்கத் தோன்றும் வகையில் இருக்கும். சுருக்கம் விழுந்த அதன் அடையாள உருவம் வர இரண்டு மூன்று நாள் ஆகும். மால்டி-டாஃப் இதைத் தீங்கற்ற உறவினரான தாய்லாந்தென்சிஸ் என்று சொல்லக்கூடும். பழைய உயிர்வேதியியல் கிட்டுகள் குரோமோபாக்டீரியம் என்ற வேறொரு கிருமியாகச் சொன்னதுண்டு. கிராம் நெகட்டிவ் கோல் வடிவக் கிருமி, ஆக்சிடேஸ் பாசிட்டிவ், ஆன்டிபயாட்டிக்குகளில் ஜென்டமைசினுக்கும் கொலிஸ்டினுக்கும் அடங்காமல் கோ-அமாக்சிகிளாவுக்கு அடங்குகிறது என்றால் அங்கேயே கையை நிறுத்த வேண்டும். பிளேட்டை மூடி டேப் ஒட்டி, திறந்த பெஞ்சிலிருந்து பாதுகாப்புக் கேபினெட்டுக்கு மாற்றி, மூத்தவரிடம் சொல்ல வேண்டும். மோந்து பார்க்கவே கூடாது. மண் வாசனை வரும் என்று பழைய நூல்கள் சொல்வதை மாணவர்களுக்கு அடையாளமாகக் கற்றுக்கொடுக்காதீர்கள்.

இந்தக் கிருமியை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. 2005ஆம் ஆண்டு உயிரியல் கிருமிகள், நச்சுப்பொருள்கள் சட்டம் எதற்காக இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். சோதனை முடிவுகளைத் தாளில் கொடுத்து, எந்த இடத்தில் நிறுத்துவாய் என்று கேட்டால் போதும். 2003 செப்டம்பரில், சார்ஸ் ஓய்ந்த பிறகு, மேற்கு நைல் வைரஸில் வேலை செய்த ஆராய்ச்சி மாணவர் ஒருவருக்குச் சார்ஸ் தொற்றியது. அவர் கையாண்ட மாதிரியில் சார்ஸ் வைரஸ் கலந்திருந்தது என்று விசாரணைக் குழு கண்டறிந்தது. குழாயின் மேல் எழுதியிருப்பது உள்ளே இருப்பதாகத்தான் இருக்கும் என்ற எண்ணத்தை முதலாம் ஆண்டிலேயே கழற்ற வேண்டும்.

கேபினெட், சிதறல், கழிவு பற்றிச் சுருக்கமாக. இரண்டாம் வகைக் கேபினெட்டுக்குள் பன்சன் விளக்கு வேண்டாம், காற்றோட்டம் கெடும்; முன்பக்கக் கிராதியின் மேல் நோட்டுப் புத்தகத்தை வைக்க விடாதீர்கள். கல்ச்சர் சிந்தினால் முதலில் காகிதத் துண்டால் மூடி, பத்தில் ஒரு பங்கு பிளீச்சை ஓரத்திலிருந்து நடுவுக்கு ஊற்றி, அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். 70 விழுக்காட்டு ஆல்கஹால் ஸ்போர்களை (சில பாக்டீரியாக்களின் கடினமான உறக்க வடிவம்) கொல்லாது. அழுத்த நீராவியால் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவில் கழிவுப் பையின் வாயை இறுக்கிக் கட்டினால் நீராவி உள்ளே போகாது. 121 டிகிரி காட்டியும் நடுவில் கிருமி உயிரோடிருக்கும். பையில் ஒட்டிய டேப்பில் கறுப்புக் கோடு விழுந்தது சூடு பட்டதற்குச் சாட்சி, கிருமி செத்ததற்குச் சாட்சி அல்ல. அதற்கு ஸ்போர் குப்பியை வைத்துப் பார்க்க வேண்டும்.

மதிப்பெண் முறையையும் மாற்றிக்கொடுங்கள். கிருமியின் பெயரைச் சரியாக எழுதியதற்கு மூன்றில் ஒரு பங்கு. மீதி, நோட்டில் எழுதிய காரணங்களுக்கு: எந்தக் காலனியை ஏன் எடுத்தார், கட்டுப்பாட்டு ஸ்லைடு எப்படி வந்தது, எந்த முடிவை ஏன் நம்பவில்லை. மூன்றாம் கிருமியைப் பிரிக்க முடியவில்லை என்று நேர்மையாக எழுதிய மாணவருக்கு, மூன்றையும் ஊகித்து எழுதியவரை விட அதிகம் கொடுங்கள். கலப்புக் கல்ச்சர் தயாரிப்பிலோ, எழுதிக் கேட்கும் கேள்விகளைத் தொகுப்பதிலோ எங்கள் உதவி வேண்டுமென்றால் வார இறுதியில் வரத் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மருத்துவ நுண்ணுயிரியல் பெஞ்சில் பணிபுரியும் சிலர்